சொல்லி முடிக்கட்டும்

துக்க வீட்டுக்குச் சென்று வருவதில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வரும் ஒரு முறை உண்டு. தென் மாவட்டங்களில் அதைத் துட்டி கேட்பது என்பார்கள். வருகிறவர் வாசலில் நின்று யாரையும் கூப்பிடுவதில்லை. நேரே உள்ளே சென்று, பாயிலோ வெறுந்தரையிலோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், கணவரை இழந்த அம்மாளின் அருகில் தாமும் அமர்ந்து, ஒன்றும் பேசாமல் இருக்கிறார். சற்று நேரத்துக்கெல்லாம் அந்த அம்மாளே தொடங்கிவிடுகிறார். விடியற்காலை நான்கு மணிக்குக் கணவர் எழுந்து தண்ணீர் கேட்டது, மார்பைத் தடவிக்கொண்டது, 'ஒண்ணுமில்லை, வாயுப் பிடிப்புதான்' என்று சொன்னது, எதிர் வீட்டுப் பையன் ஓடிப்போய் ஆட்டோ கொண்டுவந்தது, பெரியாஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் கை சில்லிட்டுப் போனது என்று ஒரு விவரமும் விடாமல், காலையில் வந்தவருக்குச் சொன்னதையே மாலையில் வந்தவருக்கும் சொல்கிறார். கேட்பவர் குறுக்கே பேசுவதில்லை. 'அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே' என்று எவரேனும் வாய் தவறிச் சொல்லிவிட்டால், கூட வந்தவர்கள் கண்ணாலேயே அவரை அடக்கிவிடுகிறார்கள். புறப்படும்போது 'போய்ட்டு வர்றேன்' என்று விடைபெறுவதும் கிடையாது, எழுந்து போய்விடுகிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரையில் இப்படி எத்தனை பேர் வந்தாலும் அத்தனை பேருக்கும் முதலிலிருந்து கடைசி வரை சொல்லும் உரிமை அந்த அம்மாளுக்கு உண்டு. நடந்தது நடந்துவிட்டது என்பதைச் சொல்லச் சொல்லத்தான் சொல்பவரின் மனமே மெல்ல மெல்ல நம்பத் தொடங்குகிறது.

துயரப்பட்டவரின் சொல்லைக் காருண்யத்தோடு கேட்பது எப்படி என்பது, ஆகவே, அந்நிய தேசத்திலிருந்து எவரும் வந்து நமக்குக் கற்பிக்க வேண்டிய வித்தை அன்று. படித்தவர், படியாதவர், ஏழை, செல்வர் என்ற பேதமின்றி நம்மில் ஒவ்வொருவரும் அதை நன்கு அறிந்திருக்கிறோம். அறிந்திருந்தும், ஒரு சாவு நேர்ந்தாலன்றி அதைக் கையாளுவதில்லை என்று நாம் இருந்துவருவதுதான் எனக்கு வருத்தத்தைத் தருகிறது.

ஆறு மாதம் கழித்து, இரவுச் சாப்பாட்டின்போது அதே அம்மாள் அதே விடியற்காலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்ன நடக்கிறது? மருமகள் கணவரின் முகத்தைப் பார்க்கிறாள். பேரன் கைபேசியை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறான். மகன், அன்பாகவேதான், 'அம்மா, எத்தனை தடவை அதையே சொல்லிட்டிருப்பே? மனசை வேற பக்கம் திருப்பும்மா. கோயிலுக்குப் போ, டி.வி. பாரு' என்கிறான். அவன் கல்நெஞ்சன் அல்லன்; தாயின் மருந்துச் செலவையும் கண் ஆபரேஷன் செலவையும் முகம் சுளிக்காமல் ஏற்றவன். தாய் வருந்துவதைக் காணப் பொறுக்காததினால்தான் அவளுடைய பேச்சை அவன் நிறுத்துகிறான். ஆனால் அந்த நிமிஷத்தில் தாயின் வருத்தம் குறைந்துவிடவில்லை. அதைச் சொல்வதற்கு இருந்த ஓர் இடம் மட்டும் குறைந்துவிட்டது.

வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைகள் தினந்தோறும் தவறாமல் பேசுகிறார்கள் என்று பெருமையாகச் சொல்லும் பெற்றோர் பலர் உண்டு. அந்தச் சம்பாஷணைகளைச் சற்றுக் கவனித்துக் கேட்டால், 'சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா? பி.பி. பார்த்தியா?' என்ற கேள்விகளும் அவற்றுக்கு ஒற்றைச் சொல் விடைகளுமாகவே அவை முடிந்துபோவது தெரியும். 'முழங்கால் ரொம்ப வலிக்குதுப்பா' என்று தாய் சொல்கிறாள். 'தைலம் தேய்ச்சியா? ஆர்த்தோ டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் போடட்டுமா?' என்று மகன் கேட்கிறான். அவள் சொல்ல வந்ததோ வேறு: ஆடி வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், படி ஏற முடியாமல், கூட வந்தவர்கள் தரிசனம் முடித்து இறங்கும் வரையில் கீழே செருப்புகளுக்குக் காவலாக நின்றுவிட்டு வந்ததை அவள் சொல்ல வந்தாள். முழங்கால் அதற்கு முகவுரை. பரிகாரம் இவ்வளவு விரைவாக வந்து குறுக்கே நின்றுவிட்டதால், முகவுரையோடு பேச்சு முடிந்துவிட்டது.

நம் வீடுகளில் அன்பு பெரும்பாலும் உபதேசத்தின் வடிவத்தில்தான் வெளிப்படுகிறது. ஒருவர் கஷ்டத்தைச் சொன்னால் உடனே அதற்கு ஒரு வழி சொல்லிவிட வேண்டும். வழி சொல்லத் தெரியாவிட்டால் நாம் பயனற்றவர்களாகி விடுகிறோம் என்ற ஒரு தவிப்பு நம் எல்லோருக்கும் உண்டு. அந்தத் தவிப்பில் நல்லெண்ணம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. எனினும், எதிரில் இருப்பவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே வழங்கப்படும் உபதேசம், அவர் இன்னும் சொல்லாத துன்பத்துக்கு எப்படி மருந்தாக முடியும்?

இதைக் காட்டிலும் ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். எந்த வீட்டிலாவது யார் பேச யார் கேட்கிறார்கள் என்பதை ஒரு நாள் முழுவதும் கவனித்துப் பார்த்தால், வீட்டின் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது பிரத்தியட்சமாகிவிடும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். குழந்தை பேசும்போது குறுக்கிடலாகாது என்று எந்தப் பெரியவருக்கும் எவரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கணவன் அலுவலகத்தில் பட்ட அவமானத்தை மனைவி கேட்கிறாள். மாமியாரின் மூட்டுவலியையும், மகனின் தேர்வுப் பயத்தையும், நாத்தனாரின் புகுந்த வீட்டுக் குறைகளையும் அவளே கேட்கிறாள். அவளுக்கு ஒரு குறை இருக்கக்கூடும் என்பது அந்த வீட்டில் எவருக்கும் தோன்றுவதில்லை. அதிகாரம் கை மாறும்போது காதுகளும் உடன் மாறிவிடுகின்றன. நாற்பது வயதில் ஒரு கனைப்பினால் வீட்டை அமைதியாக்கிய தகப்பனார், ஓய்வு பெற்ற சில மாதங்களில், பத்திரிகையில் படித்த செய்தி ஒன்றைச் சொல்வதற்குக்கூட ஆள் தேடவேண்டியிருக்கிறது. முன்பு அவர் பேச்சைக் கேட்டது அன்பா, அச்சமா என்ற சந்தேகம் அப்போது அவருக்கே எழுகிறது.

ஆதலால் கேட்பதைப் பற்றிய உபதேசத்தை மருமகள்களுக்கும் மாணவர்களுக்கும் செய்து பயனில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். வீட்டில் எவருடைய சொல் செல்லுகிறதோ அவருக்குத்தான் அது முதலாவதாக உரியது. திருவள்ளுவர் அதிகாரங்களை அமைத்திருக்கும் முறையே இதற்குச் சான்று என்று நான் கருதுகிறேன். இனியவை கூறலையும் அடக்கமுடைமையையும் இல்லறவியலில், எல்லோருக்கும் பொதுவாக வைத்த அவர், 42-ஆவது அதிகாரமாகிய கேள்வியைப் பொருட்பாலில், அரசியல் என்னும் இயலில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அரசனுக்கு வேண்டிய குணங்களைத் தொகுத்துக் கூறும் இறைமாட்சியிலும், காது கசந்துபோகும் சொல்லைப் பொறுத்துக்கொள்ளும் பண்பை அவர் சேர்த்திருக்கிறார். ஆள்பவனே கேட்கக் கடமைப்பட்டவன் என்பது அவர் கருத்தாயின், ஒரு குடும்பத்தை ஆள்பவருக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு உண்டா? அடக்கத்தை இல்லத்துப் பெண்களுக்கும், கேள்வியை நூலறிவு தேடும் புலவர்களுக்கும் ஒதுக்கிவிட்டு, அதிகாரம் உடையவர்களை இரண்டிலிருந்தும் விடுவித்துவிட்டது நாம் செய்த காரியம்.

கேட்பது ஒன்றே பெரிய உதவி என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1953-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், லண்டன் நகரில் செயின்ட் ஸ்டீவன் வால்புரூக் என்னும் தேவாலயத்தின் பாதிரியாராகிய சாட் வாரா, வாழ்வில் நம்பிக்கை இழந்து உயிரை விடத் துணிந்தவர்கள் தம்மை அழைத்துப் பேசலாம் என்று அறிவித்து ஒரு தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார். நேரில் வந்தவர்கள் அவரைக் காண்பதற்காக முன்னறையில் காத்திருக்க வேண்டியிருந்தது. தொண்டர்கள் சிலர் அவர்களுக்குத் தேநீர் கொடுத்து உடன் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தொண்டர்கள் மனநோய் மருத்துவர்களும் அல்லர், ஆலோசனை கூறப் பயின்றவர்களும் அல்லர். ஆயினும் காத்திருந்தவர்களில் பலர் தேநீர் அருந்தியபடியே அவர்களிடம் மனத்தைத் திறந்து பேசிவிட்டு, பாதிரியாரைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று சொல்லி வீடு திரும்பினார்கள். இதைக் கண்ட வாரா, சில மாதங்களிலேயே அழைப்போரோடு பேசும் பொறுப்பைத் தொண்டர்களிடம் ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் என்று உலகெங்கும் பெயர் பெற்ற இயக்கம் அவ்வாறுதான் உருவாயிற்று. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் நிறுவிய சினேகா அமைப்பும், சாதாரண மனிதர்கள் தீர்ப்புக் கூறாமல் செவிகொடுத்தால் மற்றொரு மனிதர் பிழைத்துக்கொள்ள முடியும் என்ற அதே நம்பிக்கையின்மீது நிற்பது. அத்தகைய அமைப்புகளின் தொண்டர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சியில் பெரும்பகுதி, வழி சொல்லிவிட வேண்டும் என்று துடிக்கும் நாவைக் கட்டுப்படுத்துவதற்கான பயிற்சியே. முன்பின் தெரியாத ஒருவர் அவ்வளவு பிரயாசைப்பட்டு அளிக்கும் ஆசுவாசத்தை, பெற்ற மகளுக்கும் உடன்பிறந்தவனுக்கும் நாமே அளிக்கலாகாதா?

கேட்டோம் என்று நாம் நினைத்துக்கொள்வதற்கும் உண்மையில் கேட்டதற்கும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அளந்து காட்டும் எளிய விதி ஒன்றை அமெரிக்க மனோதத்துவ அறிஞர் கார்ல் ராஜர்ஸ் 1951-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் எடுத்துரைத்தார். வாதம் நடக்கும்போது, எதிரில் இருப்பவர் சொன்ன கருத்தையும் அதன் பின்னால் இருக்கும் உணர்ச்சியையும் நம் வாயால் திருப்பிச் சொல்லி, 'ஆம், நான் சொன்னது அதுதான்' என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே நம் பதிலைத் தொடங்க வேண்டும் என்பது அந்த விதி. சொல்வதற்குச் சுலபம், ஒரு முறை முயன்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் கடுமை தெரியும்.

பிளஸ் டூ முடித்த ஒரு பெண், ஜூன் மாதத்து மாலை ஒன்றில், 'அப்பா, எனக்கு இன்ஜினியரிங் வேண்டாம்' என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். வழக்கமான பதில் எல்லோருக்கும் தெரியும்: எதிர் வீட்டுப் பையன் வாங்கும் சம்பளம், தாம் படிக்க வழியில்லாமல் பட்ட பாடு, இவ்வளவு மார்க் எடுத்துவிட்டு இப்படிப் பேசலாமா என்ற ஆற்றாமை. ராஜர்ஸின் விதிக்குக் கட்டுப்பட்ட தகப்பனாரோ, இவை அனைத்தையும் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டு, 'அந்தப் படிப்பு ரொம்பக் கஷ்டமா இருக்கும்னு பயப்படறே, அப்படித்தானே?' என்று கேட்கவேண்டியவராகிறார். 'பயமில்லப்பா' என்கிறாள் அவள். பிறகு, சிறிது தயங்கி, 'அண்ணன் படிப்புக்கு வாங்கின கடனையே நீங்க இன்னும் கட்டி முடிக்கலை. எனக்கும் ஒரு கடன் வாங்கிட்டு ராத்திரியெல்லாம் முழிச்சிட்டிருப்பீங்க' என்கிறாள். எதிர் வீட்டுப் பையனின் சம்பளத்தைப் பற்றிய வாதத்தில் அந்தத் தகப்பனார் வெற்றியே பெற்றிருக்கலாம். மகள் தம்மை இரவில் கவனித்துக்கொண்டிருக்கிறாள் என்பதை மட்டும் கடைசி வரையில் அறிந்திருக்க மாட்டார்.

பிறரை மெய்யாகவே புரிந்துகொள்ள முற்பட்டால் நாமே மாறிவிட நேரும் என்றும், அந்த அபாயத்தை ஏற்பதற்குத் தைரியம் வேண்டும் என்றும் ராஜர்ஸ் அதே உரையில் எச்சரித்தார். குடும்பத் தலைவர்கள் கேட்பதற்கு அஞ்சுவதன் காரணம் அதில் அடங்கியிருக்கிறது. கேட்டால் மாற வேண்டியிருக்கும். மாறினால் மரியாதை போய்விடும் என்று எண்ணுகிறார்கள். போகக்கூடிய மரியாதை எது, வளரக்கூடிய மரியாதை எது என்பதைச் சற்று ஆற அமர யோசித்தால் இந்த அச்சம் நீங்கும்.

இனி, பேசுவதைப் பற்றி. மணிமேகலை பத்து வகைத் தீவினைகளை எண்ணும்போது, உடலால் செய்வன மூன்று, உள்ளத்தால் செய்வன மூன்று, சொல்லால் செய்வன நான்கு என்று கணக்கிடுகிறது: பொய், கோள், கடுஞ்சொல், பயனில்லாத சொல். கொலையும் களவும் அடங்கிய உடலின் பட்டியலைவிட நாவின் பட்டியல் ஒன்று நீளம். பகவத்கீதையும் பிறர் மனத்தைக் கலக்காததும், உண்மையானதும், இனியதும், நன்மை பயப்பதுமான வாக்கைத் தவத்தில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. இவற்றையெல்லாம் பாராயணம் செய்யும் வீடுகளில்கூட, நாவின் அந்த நான்கு தீவினைகளிலும் நேராக அடங்காத ஒரு பேச்சு வழக்கம் தங்குதடையின்றி நடமாடுகிறது. அது ஜாடைப் பேச்சு. 'இந்த வீட்ல சிலருக்கு எட்டு மணி வரைக்கும் விடியறதே இல்லை' என்று குழம்புச் சட்டியைப் பார்த்துச் சொல்வது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையிடம் அதன் தாயைப் பற்றிக் குறை கூறுவது. பாத்திரத்தை ஓசைப்படும்படி வைப்பது. பதில் சொன்னால், 'உன்னையா சொன்னேன்?' என்ற கேள்வி தயாராக இருக்கிறது. சொன்னவர் எதற்கும் பொறுப்பாளி அல்லர். கேட்டவருக்கோ இரவு முழுவதும் உறக்கமில்லை. நேராக வந்து விழும் கடுஞ்சொல்லுக்காவது மறுமொழி கூற முடியும் என்பதால், கடுஞ்சொல்லைவிட ஜாடையே கொடியது என்று நான் நினைக்கிறேன்.

கணவன் மனைவிக்குள் மனஸ்தாபம் வந்துவிட்ட வீட்டில் குழந்தை படும் பாடு இதைவிடப் பரிதாபமானது. 'உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு' என்று அடுக்களையிலிருந்து குரல் வருகிறது. அப்பா கூப்பிடு தூரத்தில்தான், பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 'பசிக்கலைன்னு சொல்லு' என்கிறார். ஏழு வயதுக் குழந்தை இருவருக்கும் நடுவே நடந்து நடந்து, இருவரும் ஏற்கெனவே கேட்டுவிட்ட சொற்களை மறுபடியும் எடுத்துச் சொல்கிறது. சில சமயம், அம்மாவின் குரலில் இருந்த சூட்டைக் குறைத்து, 'சாம்பார் ஆறிடுமாம்ப்பா' என்று தானாகவே ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொள்கிறது. பெற்றோர் இருவரும் கைவிட்டுவிட்ட இன்சொல்லை அந்தப் பிஞ்சு வாய் தேடிக் கண்டுபிடிக்கிறது. கல்யாண அழைப்பிதழில் பெயர் விட்டுப்போனதற்காகப் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்ட சகோதரர்கள், ஒருவருடைய பேரக் குழந்தையை மற்றவர் இன்னும் பார்க்காமலே இருந்துவிடுவதும் இதே பழக்கம் முற்றிய நிலைதான்.

கோபம் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே கூரையின்கீழ் வாழ்பவர்களுக்குக் கோபம் வந்தே தீரும். அமெரிக்காவில் சியாட்டில் நகரில், தம்பதிகளை எதிரெதிரே உட்காரவைத்துத் தர்க்கிக்கச் செய்து, அவர்களுடைய நாடித் துடிப்பையும் உடன் பதிவு செய்து பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் ஜான் காட்மன். துடிப்பு நிமிஷத்துக்கு நூற்றுக்கு மேல் ஏறிவிட்டால், எதிரில் இருப்பவர் எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் அது மனத்தில் ஏறுவதில்லை என்றும், தணிவதற்குக் குறைந்தது 20 நிமிஷமாவது ஆகும் என்றும் அவர் கண்டார். மின்கட்டணம் கட்ட மறந்ததைச் சொல்வது குறை; 'உங்களுக்கு எதுலதான் பொறுப்பு இருந்திருக்கு?' என்பது ஆளையே பழிப்பது. இரண்டாவது பழக்கமாகி அதில் ஏளனமும் கலந்துவிட்டால் அந்த இல்லறம் நிலைப்பது அரிது என்பது அவருடைய முடிவு. 'உங்க குடும்பமே இப்படித்தான்' என்று ஒருவர் சொன்ன மறுகணம், மின்கட்டணம் எங்கோ போய், இரு வீட்டு முன்னோர்களும் வழக்கில் வந்து சேருகிறார்கள்.

வியட்நாம் நாட்டுப் பௌத்தத் துறவி திக் நியட் ஹான் இந்த விஷயத்தில் சொல்லியிருப்பவை அனுபவத்தில் பழுத்தவை. போரில் இரு தரப்பாரின் ஓலத்தையும் கேட்டவர் அவர். சமாதானம் பேசுவதற்காக 1966-இல் நாட்டை விட்டு வெளியே வந்தவரை, 2005 வரையில் தாய்நாட்டு மண்ணை மிதிக்க ஆட்சியாளர்கள் அனுமதிக்கவில்லை. பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கே 1982-இல் அவர் அமைத்த பிளம் வில்லேஜ் என்னும் ஆசிரமத்துக்குக் குடும்பங்களும் வரத் தொடங்கின. அவர்களுக்காக அவர் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொடுத்தார். கோபம் வந்தவர் அந்த நேரத்தில் மேற்கொண்டு எதுவும் பேசாமலும் செய்யாமலும் இருக்க வேண்டும். ஆனால் 24 மணி நேரத்துக்குள், தாம் புண்பட்டிருப்பதை அமைதியாகவோ, ஒரு துண்டுக் கடிதத்தின் மூலமாகவோ மற்றவருக்குத் தெரிவித்துவிட வேண்டும். பிறகு இருவருமாக அந்த வாரத்திலேயே ஒரு மாலையைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்து பேச வேண்டும். உடனே வெடிப்பதையும் மாதக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பதையும் ஒருங்கே தடுக்கும் இந்த ஏற்பாட்டில் உள்ள விவேகம் என்னைப் பெரிதும் கவர்ந்தது.

அவ்வாறு உட்காரும்போது என்ன வரிசையில் பேச வேண்டும் என்பதையும் அவர் வகுத்தார். முதலில் மற்றவரிடம் தாம் கண்ட நன்மையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடுத்து, தம்முடைய தவறுக்கு வருந்த வேண்டும். தமக்கு நேர்ந்த வருத்தம் அதற்குப் பிறகுதான். ஒருவர் பேசி முடிக்கும் வரையில் எவரும் குறுக்கிடலாகாது. இந்த வரிசையில் நம்மவர்களுக்கு மிகவும் கடினமாக இருக்கப்போவது முதற்படியே என்று எனக்குத் தோன்றுகிறது. மகன் வாங்கிய பதவி உயர்வைப் பற்றித் தெருவெல்லாம் சொல்லி மகிழும் தந்தை, மகனிடம் மட்டும் அதைச் சொல்வதில்லை. கண் பட்டுவிடும் என்ற அச்சம் ஒரு புறம், தலைக்கனம் ஏறிவிடும் என்ற எச்சரிக்கை மறு புறம். தந்தையின் பெருமிதத்தை அவருடைய நண்பர்கள் வாயிலாக, சில வேளைகளில் அவர் போன பிறகு, பிள்ளைகள் தெரிந்துகொள்கிறார்கள்.

திக் நியட் ஹான், பிறர் துயரைக் கேட்க அமரும்முன் அவலோகிதேசுவரரை நினைத்துக்கொள்ளும்படி தம் மாணாக்கர்களுக்குச் சொல்லிவந்தார். துன்புறும் உயிர்களின் குரலுக்குச் செவிசாய்ப்பவராகக் கீழ்த்திசைப் பௌத்தர்கள் வழிபடும் போதிசத்துவர் அவர். அந்த அவலோகிதரிடம் கேட்டுத்தான் அகத்தியர் தமிழை உலகுக்கு உரைத்தார் என்று, 11-ஆம் நூற்றாண்டில் எழுந்த வீரசோழியம் என்னும் இலக்கண நூலின் பாயிரம் கூறுகிறது. பௌத்தர்களாயிருந்த நம் முன்னோர், தமிழின் பிறப்பையே காருண்யமுள்ள ஒரு செவியோடு இணைத்துப் பார்த்தார்கள் என்பதை எண்ணும்போது உள்ளம் உருகுகிறது.

ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில், இரண்டு ஷிப்ட் வேலை பார்க்கும் தாய் இப்படி உட்கார்ந்து பேச எந்த மாலையைக் குறிப்பாள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மனம் திறந்த பேச்சுக்குத் தனி அறையைவிட, கைக்கு ஒரு வேலையும் கண்ணுக்கு ஒரு மறைவும் இருப்பது அதிகம் உதவுகிறது. கீரை ஆயும்போதும், காய்ந்த துணிகளை மடிக்கும்போதும், முகத்துக்கு முகம் பார்க்காமலே பெண்கள் எத்தனையோ பாரத்தை இறக்கிவைக்கிறார்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும் பதினைந்து வயதுப் பையன், வீட்டில் ஒரு நாளும் சொல்லாததைத் தகப்பனாரின் முதுகிடம் சொல்லிவிடுகிறான். அந்தச் சமயத்தில் அவர் வண்டியை நிறுத்தி, திரும்பிப் பார்த்து, விசாரணை தொடங்காமல் இருந்தால் போதும்.

மற்றோர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். குடித்துவிட்டு வந்து அடிக்கிறவனின் சொல்லைப் பொறுமையோடு கேள் என்று எந்தப் பெண்ணுக்கும் உபதேசிக்க எவருக்கும் உரிமை கிடையாது. அடி மட்டும் வன்முறை என்பதும் இல்லை. 2005-இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம், இழிவாகப் பேசுவதையும் ஏளனம் செய்வதையும், குறிப்பாகக் குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று குத்திக் காட்டுவதையும் வன்முறை என்றே வரையறுத்திருக்கிறது. அத்தகைய வீட்டில் கேட்க வேண்டியவர்கள் அவளைப் பெற்றவர்கள். 'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா' என்ற சொல்லோடு அவள் பேச்சை முடித்துவைத்து, பஸ் ஏற்றி அனுப்பிவிடாமல், அவள் சொல்வதை முழுமையாகக் கேட்க வேண்டியவர்கள்.

சாதாரணக் குடும்பங்களில், பெரிய கொடுமை எதுவும் நிகழாத, நல்லவர்களே வாழும் வீடுகளில், கேட்கப்படாத சொல் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது என்பதைப் பார்க்கிறேன். அறுபது வயது கடந்த ஒரு மனைவி, எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று, 'உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு என் வளையலை என்னைக் கேக்காமலே பீரோவுலேர்ந்து எடுத்தீங்க' என்கிறாள். 'முப்பது வருஷத்துக்கு முன்னால நடந்ததை இப்ப எதுக்குக் கிளறறே? அதுக்கப்புறம் நாலு வளையல் வாங்கிக் குடுத்தாச்சு' என்று கணவர் சொல்லுகிறார். அவர் சொல்வது கணக்குப்படி சரி. வளையலைத் திரும்பப் பெறுவது அவள் நோக்கமாயிருந்தால் வழக்கு என்றோ முடிந்திருக்கும். இந்த முறை அவர் கணக்கைச் சொல்லாமல், 'ஆமாம், கேக்காமதான் எடுத்தேன்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், அடுத்து அவள் என்ன சொல்வாள் என்பது அவருக்குத் தெரியாது. முப்பது வருஷமாக அந்த வாக்கியத்தோடேயே அவளை அவர் நிறுத்தி வந்திருக்கிறார்.